ஒரு அன்டெனா, இரண்டு டிவி: ஸ்பிளிட்டர் பற்றி ஓர் எளிய விளக்கம்

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை என்று எந்த டவுனிலும் எலக்ட்ரிக் கடையில் இதைக் கேட்கலாம்: "அண்ணே, வீட்டுல டிவி ரெண்டாயிடுச்சு. வயரைப் பிரிக்க ஒண்ணு குடுங்க." கடைக்காரர் திருப்பிக் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "எத்தனை வழி?" இரண்டு வழி, மூன்று வழி, நாலு வழி எல்லாம் அடுக்கியிருக்கும். விலையில் பெரிய வித்தியாசம் இருக்காது. நாளைக்கு இன்னொரு டிவி வந்தாலும் உதவும் என்று நாலு வழியாகவே வாங்கிக்கொண்டு போவார்கள்.

பூட்டியதும், முன்பு தெளிவாக இருந்த டிவியிலும் படத்தில் புள்ளி விழும். டிஷ் வைத்திருப்பவர் வீட்டில் பாதி சேனல் காணாமல் போகும். டிவி பழுது என்பார்கள், பூஸ்டர் வாங்குவார்கள், அதற்கும் சரிவராவிட்டால் அன்டெனாவையே மாற்றுவார்கள். நாட்சம்பளத்தில் மிச்சம் பிடித்த காசு இப்படிப் போவதைப் பார்க்கும்போது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஸ்பிளிட்டர் என்ன செய்கிறது, என்ன செய்யாது என்று தெரிந்திருந்தால் அந்தச் செலவில் பெரும்பகுதி தேவைப்படாது.

பீலியில் இருந்து தொடங்குவோம்

தோட்டத்தில் பீலித் தண்ணீர் எப்படி வருகிறது என்று எல்லோருக்கும் தெரியும். மேலே மலையில் ஊற்று. அங்கிருந்து ஒரு குழாய் கீழே லயத்துக்கு வருகிறது. அந்தக் குழாயில் ஒரு 'டி' மூட்டைப் போட்டு இரண்டு பைப் வைத்தால், இரண்டையும் திறக்கும்போது ஒவ்வொன்றிலும் பாதித் தண்ணீர்தான் வரும். நாலு பைப் வைத்தால் கால்வாசி. குழாய் நீளமாக நீளமாக வேகமும் குறையும். ஊற்றில் தண்ணீர் கொஞ்சமாக இருந்தால், கீழே எவ்வளவு நல்ல பைப் பூட்டினாலும் வாளி நிறையாது.

அன்டெனாவில் இருந்து வரும் சிக்னலும் இதே மாதிரிதான். சிக்னல் என்பது கேபிளுக்குள் வரும் மிக மெல்லிய மின் அலை. அன்டெனா எவ்வளவு பிடித்ததோ அவ்வளவுதான் இருக்கிறது. ஸ்பிளிட்டர் அதைப் பங்கு போடும் சின்ன உலோகப் பெட்டி. தன்னிடம் இருந்து அது எதையும் சேர்ப்பதில்லை.

ஆனால் இரண்டு இடங்களில் சிக்னல் தண்ணீரைப் போல நடந்துகொள்வதில்லை. மக்கள் குழம்புவதும் அந்த இரண்டு இடங்களில்தான்.

ஒரு பைப்பை மூடினால் மற்றதில் முழுத் தண்ணீரும் வரும். ஸ்பிளிட்டரில் அப்படி நடக்காது. ஒரு டிவியை நிறுத்தி வைத்தாலும், மற்ற டிவிக்கு அதன் பாதிப் பங்கு மட்டுமே போகும். "ஒரு நேரத்துல ஒரு டிவிதான் பார்ப்போம், அதனால பரவாயில்ல" என்ற கணக்கு இங்கே பலிக்காது.

அடுத்தது, தண்ணீர் குழாயில் திரும்பி மேலே ஏறாது. சிக்னல் ஏறும். கேபிளின் முடிவில் சரியான இணைப்பு இல்லாவிட்டால், சிக்னலில் ஒரு பகுதி சுவரில் பட்ட பந்து போலத் திரும்பி வந்து, வந்துகொண்டிருக்கும் சிக்னலையும் குழப்பிவிடும்.

அந்தச் சின்னப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

டிவிக்குப் போடும் வட்டக் கேபிளை வெட்டிப் பார்த்தால் நடுவில் ஒரு செம்புக் கம்பி, அதைச் சுற்றி வெள்ளை நுரை, அதன்மேல் வெள்ளித் தாளும் பின்னல் கம்பியும், கடைசியாக வெளித்தோல் இருக்கும். இதுதான் கோஆக்சியல் கேபிள். நடுக்கம்பிக்கும் பின்னலுக்கும் இடையே உள்ள இடைவெளி சும்மா வைத்த இடைவெளி அல்ல. கம்பியின் தடிப்பு, நுரையின் தடிப்பு எல்லாம் சேர்ந்து அந்தக் கேபிளுக்கு ஒரு குணத்தைத் தருகின்றன. அதற்கு இம்பீடன்ஸ் என்று பெயர். அலை அந்தக் கேபிளில் எந்த அளவு தடையை உணர்ந்தபடி பயணிக்கிறது என்பதன் அளவு அது. டிவிக் கேபிள், ஸ்பிளிட்டர், டிவியின் பின்பக்கத் துளை எல்லாமே 75 ஓம் என்ற ஒரே அளவில் செய்யப்பட்டவை. அளவு ஒத்துப்போகும் வரை அலை நிம்மதியாக முன்னே போகும். ஒத்துப்போகாத இடத்தில் ஒரு பகுதி திரும்பிவிடும்.

இப்போது பலர் செய்வதைப் பாருங்கள். கேபிளை வெட்டி, மூன்று முனைகளின் கம்பிகளையும் கையால் முறுக்கி, டேப் சுற்றி விடுகிறார்கள். இரண்டு 75 ஓம் கேபிள்கள் பக்கத்துப் பக்கத்தில் சேரும்போது, வரும் கேபிளுக்கு அது 37.5 ஓம் போலத் தெரிகிறது. அளவு பாதியாகிவிட்டதால் அந்த முறுக்கிலேயே சிக்னல் கொஞ்சம் திரும்புகிறது. பின்னல் கலைந்து கிடக்கும் இடத்தில் வெளி இரைச்சலும் உள்ளே புகுகிறது. ஒரு டிவி மற்ற டிவியைக் குழப்புவதற்கும் தடை ஏதும் இல்லை.

ஸ்பிளிட்டருக்குள் ஃபெரைட் என்ற கருப்புக் காந்தப் பொருளால் ஆன சின்ன மணிகளும், அவற்றில் சுற்றிய மெல்லிய கம்பிச் சுற்றுகளும் இருக்கின்றன. மின்சாரத் தூணில் இருக்கும் டிரான்ஸ்ஃபோமரின் மிகச் சின்ன உறவு என்று சொல்லலாம். அந்தச் சுற்றுகள்தான் எல்லா வாசலிலும் 75 ஓமைக் காப்பாற்றி, சிக்னலைச் சமமாகப் பங்கு போட்டு, ஒரு டிவியின் தொந்தரவு மற்றதுக்குப் போகாமல் தடுக்கின்றன. முறுக்கிய வயருக்கு இவற்றில் எதுவும் தெரியாது.

ஒரு வாசலைச் சும்மா விட்டால் அங்கேயும் இந்த 75 ஓம் உடைகிறது. அதனால்தான் தேவைக்கு மேல் வழி உள்ள ஸ்பிளிட்டரை வாங்க வேண்டாம் என்கிறேன். ஏற்கெனவே வாங்கிவிட்டால், சும்மா இருக்கும் வாசலில் டெர்மினேட்டர் என்ற சின்ன மூடியைப் பூட்டுங்கள். அதற்குள் 75 ஓம் தடை ஒன்று இருக்கும். அந்த வாசலுக்கு வரும் சிக்னலைத் திருப்பி அனுப்பாமல் அது விழுங்கிவிடும்.

இதுவரை பார்த்தது: ஸ்பிளிட்டர் இருப்பதைப் பங்கு போடுகிறது. டிவியை நிறுத்தினாலும் பங்கு மாறாது. கேபிள், ஸ்பிளிட்டர், டிவி எல்லாம் 75 ஓமில் ஒத்துப்போக வேண்டும். கையால் முறுக்கினால் ஒத்துப்போகாது.

டெசிபெல்: பயப்பட வேண்டிய கணக்கு இல்லை

ஸ்பிளிட்டரின் வாசல்களுக்குப் பக்கத்தில் 3.5, 7 என்று எண்கள் பொறித்திருக்கும். யாரும் அதைப் பார்ப்பதில்லை. வாங்கும்போது பார்க்க வேண்டியதே அதைத்தான். அந்த வாசலில் எவ்வளவு சிக்னல் இழப்பு என்பதை அது டெசிபெல் என்ற அளவில் சொல்கிறது. இரண்டு விஷயங்களை மட்டும் நினைவில் வையுங்கள். 3 டெசிபெல் இழந்தால் பாதி மிச்சம். 10 டெசிபெல் இழந்தால் பத்தில் ஒன்று மிச்சம். வழியில் உள்ள இழப்புகளை அப்படியே கூட்டிக்கொண்டு போகலாம்.

இரண்டு வழி ஸ்பிளிட்டரில் பாதிப் பங்கு போவதால் 3, உள்ளே உள்ள சுற்றுகள் தின்பது ஏறத்தாழ அரை, ஆக 3.5. நாலு வழி ஸ்பிளிட்டர் என்பது உள்ளே இரண்டு படியாகப் பிரிப்பது. முதலில் இரண்டாக, பிறகு ஒவ்வொன்றும் மறுபடி இரண்டாக. ஆகவே 3.5 உம் 3.5 உம் சேர்ந்து 7. எட்டு வழியில் மூன்று படி, 10.5 அல்லது 11 வரும். மூன்று வழியில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் மூன்று வாசலிலும் ஏறத்தாழ 5.5. மற்றதில் ஒரு வாசலில் 3.5, மற்ற இரண்டிலும் 7. இந்த இரண்டாவது வகை நம்மூருக்கு ரொம்பப் பயன்படும். தூரத்துக் காம்பராவில் உள்ள டிவிக்கு 3.5 வாசலையும், பக்கத்தில் உள்ள இரண்டுக்கும் 7 வாசல்களையும் கொடுக்கலாம்.

கேபிளும் தின்னும். ஆர்ஜி-6 என்று தோலில் அச்சிட்ட நல்ல கேபிள், அன்டெனா சேனல்களின் மேல் அலைவரிசைகளில் 100 மீற்றருக்கு ஏறத்தாழ 20 டெசிபெல் இழக்கும். கீழ் அலைவரிசைகளில் இழப்பு இதைவிடக் குறைவு. ஆர்ஜி-59 என்ற மெல்லிய கேபிள் இன்னும் கூடுதலாக இழக்கும்.

சமவெளியில் இது பெரிய விஷயம் இல்லை. வீட்டுக் கூரையில் அன்டெனா, பத்து மீற்றர் கேபிள், அவ்வளவுதான். மலையில் அப்படியா? லயம் பள்ளத்தில் இருக்கும். சிக்னல் கிடைக்கும் இடம் மேட்டில், தேயிலை மலையின் ஓரத்தில் இருக்கும். அங்கே கம்பம் நட்டுக் கேபிளைக் கீழே இழுத்து வர வேண்டியிருக்கும். 25 மீற்றர் கேபிள் என்று வைத்துக்கொள்வோம். அதில் 5 டெசிபெல் போய்விட்டது. அதன்பின் நாலு வழி ஸ்பிளிட்டர், 7 டெசிபெல். மொத்தம் 12. நாலு தடவை பாதியாக்கினால் என்ன வரும்? பதினாறில் ஒரு பங்கு. அதே இடத்தில் இரண்டு வழி போட்டிருந்தால் மொத்தம் 8.5, ஏழில் ஒரு பங்கு கிடைத்திருக்கும். வீட்டில் டிவி இரண்டுதான் என்றால், நாலு வழி வாங்கியதால் பாதிச் சிக்னலைச் சும்மா இருக்கும் வாசல்களுக்குத் தானம் செய்திருக்கிறோம்.

பள்ளத்தில் ஏன் சிக்னல் குறைகிறது?

நாட்டிலேயே உயரமான மலை பீதுருதாலகால, 2,524 மீற்றர். ரூபவாஹினி 1982 பெப்ரவரியில் ஒளிபரப்பைத் தொடங்கியபோது அதன் பெரிய கோபுரம் அந்த உச்சியில்தான் இருந்தது. கோபுரத்தில் இருந்து வரும் டிவி அலை ஏறத்தாழ நேர்கோட்டில் போகும். நடுவில் ஒரு மலை முகடு வந்தால் அதைச் சுற்றிக்கொண்டு முழு வலுவோடு வராது. நுவரெலியாவில் கோபுரத்தை நேராகப் பார்க்கும் வீட்டுக்குச் சிக்னல் தாராளம். அதே மலையின் மறுபக்கப் பள்ளத்தில் உள்ள டிவிஷனுக்கு, தூரம் கிட்டவாக இருந்தும், மிச்சம் மீதிதான் வரும். ஆகவே பக்கத்து எஸ்டேட்டில் நாலு டிவி நன்றாக ஓடுகிறது என்பதை வைத்து உங்கள் வீட்டுக்கு முடிவு செய்ய முடியாது.

டிஷ் வேறு மாதிரி. அது பார்க்கும் செயற்கைக்கோள் பூமத்தியரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் இருக்கிறது. இலங்கை பூமத்தியரேகைக்குக் கிட்ட இருப்பதால் இங்கே டிஷ்கள் பெரும்பாலும் நன்றாக மேல்நோக்கியே நிற்கும். மலை முகடு குறுக்கே வருவது குறைவு. மரக்கிளைதான் வரும். டிஷ்ஷுக்கு எதிரி கனமழை. மழைத்துளிகள் அந்த உயர் அலைவரிசையை உறிஞ்சிவிடும். பனிமூட்டத்தைக் குறை சொல்வார்கள், ஆனால் வெறும் பனிமூட்டம் செய்யும் இழப்பு மிகக் குறைவு.

அன்டெனா ஸ்பிளிட்டர் டிஷ்ஷுக்கு ஆகாது

மலையகத்தில் பாதிக் குழப்பம் இங்கேதான், ஆகவே இதைக் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

டிஷ்ஷின் முன்னால் கம்பியில் நிற்கும் சின்னக் குமிழ் எல்.என்.பி. டிஷ் குவித்துத் தரும் அலையைப் பிடித்துப் பல மடங்கு பெருக்கி, கேபிளில் போகக்கூடிய 950 முதல் 2,150 மெகாஹெர்ட்ஸ் வரையான அலைவரிசைக்கு இறக்கி அனுப்புவது அதன் வேலை. சாதாரண அன்டெனா ஸ்பிளிட்டரின் முகத்தில் 5–1000 மெகாஹெர்ட்ஸ் என்று இருக்கும். டிஷ் சிக்னல் கிட்டத்தட்ட முழுவதும் அந்த எல்லைக்கு வெளியே இருக்கிறது. 2,400 வரை போகும் என்று எழுதியதுதான் டிஷ்ஷுக்கு உரியது.

சரி, அதையே வாங்கிப் பூட்டினால் இரண்டு ரிசீவர் பெட்டியும் ஓடுமா? ஓடும், ஆனால் ஒழுங்காக ஓடாது. எல்.என்.பி.க்கு மின்சாரம் வேண்டும். அது ரிசீவர் பெட்டியில் இருந்து அதே கேபிள் வழியாக மேலே போகிறது. அந்த மின்சாரமே ஒரு கட்டளையும் கூட. செயற்கைக்கோள் சேனல்களை இரண்டு வகை அலைகளில் அனுப்பும். ஒன்று நிமிர்ந்து அதிர்வது, மற்றது படுக்கையாக அதிர்வது. பெட்டி 13 வோல்ட் அனுப்பினால் எல்.என்.பி. நிமிர்ந்த அலையைத் தரும், 18 வோல்ட் அனுப்பினால் படுக்கை அலையைத் தரும். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தர முடியும்.

இஸ்தோப்பில் உள்ள டிவியில் ஒருவர் 18 வோல்ட் சேனல் பார்க்கிறார். உள்ளே இன்னொருவர் 13 வோல்ட் சேனலுக்கு மாற்றுகிறார். ஸ்பிளிட்டர் இரண்டு பெட்டியின் மின்சாரத்தையும் மேலே விட்டால் கூடிய வோல்ட் வெல்லும், உள்ளே இருப்பவருக்கு "சிக்னல் இல்லை" என்று வரும். சில ஸ்பிளிட்டரில் ஒரு வாசல் மட்டும் மின்சாரத்தை விடும். அதற்கு பவர் பாஸ் என்று அடையாளம் இருக்கும். அப்போது அந்த வாசலில் உள்ள பெட்டி எந்த வகையைக் கேட்கிறதோ, அந்த வகைச் சேனல்கள்தான் மற்றவருக்கும் கிடைக்கும். பாதி சேனல் மறைந்துபோவதன் காரணம் இதுதான். டிவியிலும் பழுதில்லை, டிஷ்ஷிலும் பழுதில்லை.

இரண்டு பெட்டிக்குச் சரியான வழி இரட்டை வாசல் எல்.என்.பி. ஒவ்வொரு வாசலில் இருந்தும் ஒவ்வொரு பெட்டிக்குத் தனிக் கேபிள் இழுக்க வேண்டும். ஸ்பிளிட்டரே வேண்டாம். பெட்டி ஒன்றுதான், டிவி இரண்டு என்றால், பெட்டிக்குப் பின்னால் எச்டிஎம்ஐ ஸ்பிளிட்டர் போடலாம், ஆனால் இரண்டிலும் ஒரே சேனல்தான் ஓடும். இன்டர்நெட் லைன் வழியாக வரும் டிவிக்கு இந்தக் கட்டுரையில் சொல்லும் ஸ்பிளிட்டர் எதுவும் பொருந்தாது. டெலிபோன் லைனில் பூட்டும் ஸ்பிளிட்டரும் வேறு சாமான்.

சுருக்கமாக: அன்டெனாவில் பிரச்சினை சிக்னலின் அளவு. டிஷ்ஷில் பிரச்சினை பெட்டிகளின் கட்டளை மோதல். கடைக்குப் போகும்போது முதலில் சொல்ல வேண்டியது அன்டெனாவா, டிஷ்ஷா என்பதை. வழி எத்தனை என்பது அதன் பிறகு.

பூஸ்டர் எங்கே நிற்க வேண்டும்?

பூஸ்டர் சிக்னலைப் பெருக்கும், அதோடு கலந்து வந்த இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். டிவிக்குப் பக்கத்தில் வைத்தால், நீளக் கேபிளிலும் ஸ்பிளிட்டரிலும் தேய்ந்து, இரைச்சலோடு ஒட்டிப்போன சிக்னலைத்தான் பெருக்குகிறோம். புள்ளியும் சேர்ந்து பெரிதாகும். அன்டெனாக் கம்பத்திலேயே, கேபிள் தொடங்கும் இடத்தில் வைத்தால் சுத்தமாக இருக்கும்போதே பெருக்கி அனுப்புகிறோம். அன்டெனா, பூஸ்டர், கேபிள், ஸ்பிளிட்டர், டிவி என்பதுதான் ஒழுங்கு.

கம்பத்து பூஸ்டருக்கு மின்சாரம் கீழே இருந்து கேபிள் வழியாகவே போகும். அந்த மின்சாரப் பெட்டியை ஸ்பிளிட்டருக்கு முன்னால், அன்டெனாப் பக்கமாகப் பூட்டுங்கள். பின்னால் பூட்டினால் சாதாரண ஸ்பிளிட்டர் மின்சாரத்தை மேலே விடாது, பூஸ்டர் உயிரில்லாமல் நிற்கும். கோபுரத்தை நேராகப் பார்க்கும் வீட்டுக்கு பூஸ்டர் வேண்டாம். அளவுக்கு மேல் சிக்னல் ஏறினாலும் சேனல்கள் ஒன்றோடொன்று கலந்து படம் கெடும்.

பூட்டும் வேலை

மலையில் ஸ்பிளிட்டரைக் கொல்வது ஈரம். ஹட்டன் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை மழை, பதுளைப் பக்கம் டிசம்பரில் அடைமழை, நடுவில் பனி. ஆகவே ஸ்பிளிட்டரை வீட்டுக்குள் வையுங்கள். முடியாவிட்டால் தகரத்தின் கீழ், நனையாத இடத்தில், வாசல்கள் கீழ்நோக்கி இருக்கும்படி அடியுங்கள். கேபிள் வீட்டுக்குள் நுழையும் முன் ஒரு சின்ன வளைவாகக் கீழே தொங்கிப் பிறகு மேலேறட்டும். தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். வெளியே உள்ள கனெக்டருக்குச் சாதாரண இன்சுலேஷன் டேப் போதாது. வெயிலில் பசை விட்டுப்போகும். தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப் கிடைத்தால் அதைச் சுற்றுங்கள். கனெக்டர் வழியாகத் தண்ணீர் புகுந்தால் பின்னல் வழியே உள்ளுக்குள் நகரும், செம்பு பச்சை பிடிக்கும். அப்புறம் அந்தக் கேபிளை மாற்றுவதுதான் வழி.

ஸ்பிளிட்டரில் திருகிப் பூட்டுவது எஃப் கனெக்டர். கேபிளின் தோலைச் சீவி, பின்னலைப் பின்னால் மடித்து, நுரை கனெக்டருக்குள் முட்டும் வரை தள்ளுங்கள். நடுக்கம்பி கனெக்டரின் வாயை விட்டு 2 அல்லது 3 மில்லிமீற்றர் நீண்டால் போதும். இங்கே ஒரே ஒரு கவனம் ரொம்ப முக்கியம். பின்னலின் ஒரு மயிரிழைகூட நடுக்கம்பியைத் தொடக்கூடாது. தொட்டால் சிக்னல் நின்றுவிடும். டிஷ் கேபிளாக இருந்தால் ரிசீவர் பெட்டியே பழுதாகலாம், ஆகவே பெட்டியின் பிளக்கைக் கழற்றிவிட்டு வேலை செய்யுங்கள். கேபிளை மூலையில் முழங்கை போல மடிக்க வேண்டாம். மடித்த இடத்தில் நுரை நசுங்கி 75 ஓம் கெட்டுவிடும்.

அன்டெனாவில் வரும் படத்தில் ஒரு முகத்துக்குப் பக்கத்தில் இன்னொரு நிழல் முகம் தெரிந்தால் உடனே ஸ்பிளிட்டரைப் பழி சொல்லாதீர்கள். எதிர்மலைப் பாறையில் பட்டுத் திரும்பும் அலையும் அதே நிழலைத் தரும். ஸ்பிளிட்டரைக் கழற்றியும் நிழல் போகாவிட்டால் அன்டெனாவைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள்.

இடி மின்னல்

மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடி கூடும். மேட்டில் தனியாக நிற்கும் இரும்புக் கம்பம் மின்னலுக்கு வசதியான இடம். கம்பத்தைத் தடித்த செம்புக் கம்பியால் நிலத்தில் அடித்த எர்த் கம்பியோடு இணையுங்கள். நேரடி அடியை அது தடுக்காது, பக்கத்தில் விழும் மின்னலின் தாக்கத்தைக் குறைக்கும். ஸ்பிளிட்டர் மின்னலைத் தடுக்காது. ஒரு அன்டெனாவோடு நாலு வீட்டு டிவியை இணைத்திருந்தால் நாலும் ஒரே அடியில் போகலாம். வானம் கறுக்கும்போதே கரன்ட் பிளக்கையும் அன்டெனா வயரையும் இரண்டையும் கழற்றுங்கள். இடி தொடங்கிய பிறகு வயரில் கை வைக்க வேண்டாம்.

படம் கெட்டால் எங்கே தேடுவது?

கூரையில் ஏறுவதற்கு முன் ஒரு சோதனை. ஸ்பிளிட்டருக்குள் வரும் கேபிளைக் கழற்றி, அதை ஒரே ஒரு டிவியில் நேராகப் பூட்டிப் பாருங்கள். படம் தெளிவாக வந்தால் குறை ஸ்பிளிட்டரில், அல்லது அதற்குப் பின்னால் உள்ள கேபிளில், கனெக்டரில். வாசலை மாற்றிப் பூட்டினால் எது என்று தெரிந்துவிடும். நேராகப் பூட்டியும் படம் கெட்டே இருந்தால் குறை மேலே இருக்கிறது. தகரம் காய்ந்த பிறகு, கீழே ஏணியைப் பிடிக்க ஒருவரை வைத்துக்கொண்டு ஏறுங்கள். முதலில் அன்டெனாவில் கேபிள் பூட்டிய இடத்தைத் திறந்து பாருங்கள், அங்கே பச்சை பிடித்திருந்தால் அந்த முனையை வெட்டிப் புதுசாகச் சீவிப் பூட்டுங்கள்.